17 வளைவும் பாதிப் படியும்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகும் சாலை முந்தல் வரைக்கும் சாதாரணச் சாலைதான். மாந்தோப்பும் இலவந்தோப்புமாகப் போகும். முந்தலைத் தாண்டினால் மலை தொடங்கிவிடும். போடிமெட்டு போய்ச் சேருவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டர் ஏற்றம். மேலே உரமும் சிமெண்டும் அரிசியும் காய்கறியும் போகின்றன. கீழே ஏலக்காயும் மிளகும் வருகின்றன. இந்தச் சரக்கை ஏற்றி இறக்கும் புது டிரைவர்கள் தொழிலை யாரிடம் படிக்கிறார்கள், படிக்கும் காலத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கத்தான் புரட்டாசியில் போயிருந்தேன். மலையில் காய் எடுப்பு மும்முரமாக இருந்தது.

சாந்தன்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்கு உரம் ஏற்றிய பிக்கப்பில் எனக்கு இடம் கிடைத்தது. ஓட்டியவனுக்கு 22 வயது. சரக்கு வண்டி எடுக்க ஆரம்பித்துச் சில மாதங்கள்தான். நடுவில் ஒரு பெரியவர், பழைய லாரி டிரைவர். பூப்பாறையில் நிற்கும் ஒரு லாரியை எடுத்து வரப் போகிறார். பையனுக்கு அவர் முதலாளியும் இல்லை, சொந்தமும் இல்லை. ஆனாலும் முந்தல் தாண்டியதிலிருந்து அவர் பேச்சு ஓயவில்லை.

“வளைவுக்குள்ள போயி கியர் மாத்தாத. முன்னாடியே செகண்டுல போட்டுட்டு உள்ள போ.”

“சரிண்ணே.”

“மீட்டரப் பாக்காத. இஞ்சின் சத்தத்தக் கேளு. மூச்சு வாங்குதுன்னா நீ லேட்டு.”

ஒரு வளைவில் எதிரே பாரம் ஏற்றிய லாரி இறங்கி வந்தது. பையன் பதறி பிரேக்கை மிதித்துவிட்டான். பெரியவருக்குக் கோபம். மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும். அது சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற பார வண்டியைத் திரும்பக் கிளப்புவது சாமானியமில்லை. கிளட்சை விடும் வேகமும் ஆக்சிலேட்டரை மிதிக்கும் வேகமும் ஒத்துவராவிட்டால் வண்டி பின்னால் உருளும். எங்களுக்குப் பின்னால் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிய ஜீப் நின்றது. பையன் கைப்பிரேக்கைப் பிடித்து, இஞ்சின் இழுக்கத் தொடங்கியது தெரிந்த பிறகே அதை விடுவித்தான். வண்டி ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இறக்கம் இதைவிடக் கடினம். “எந்தக் கியர்ல ஏறுனியோ, அதே கியர்ல எறங்கு” என்பது மலை டிரைவர்களின் முதல் பாடம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் பாரம் முழுவதும் பிரேக்கில் வந்து விழும். திரும்பி வரும்போது எங்களுக்கு முன்னால் பெரியவரின் லாரி. எங்கள் வண்டியில் ஏலக்காய் மூட்டைகள். பாதி இறக்கத்திலேயே எங்கள் பிரேக் லைனிங் கருகும் நெடி. சாலை அகலமான இடத்தில் லாரியை ஒதுக்கிவிட்டு இறங்கி வந்தவர், பையன் கையிலிருந்த தண்ணீர்க் கேனைப் பிடுங்கி வைத்தார். “கொதிக்கிற டிரம்முல பச்சத் தண்ணி பட்டா விரிசல் விட்டுரும்டா. சும்மா நிக்கட்டும். தானா ஆறும்.” சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

இதில் எதுவும் பையன் படித்த டிரைவிங் ஸ்கூலில் இல்லை. அங்கே மலையும் இல்லை, பாரமும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சரக்கு வண்டிப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் 15 மணி நேரமாவது ஸ்டியரிங் பிடித்திருக்க வேண்டும். கார் லைசென்ஸுக்கு 21 நாள், 10 மணி நேரம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டக் கார் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பைக் காத்த தீர்ப்பு அது. எனக்கு அதில் குறையில்லை. ஆனால் 10 மணி நேரம் சமதளத்தில் ஓட்டிய பையன் முழுப் பாரத்தோடு போடிமெட்டு ஏறலாம் என்றால், மீதிப் படிப்பை யாராவது கொடுத்தாக வேண்டுமே.

முன்பு அதைக் கொடுத்தது கிளீனர் சீட். கட்டை போட்டு, தார்ப்பாய் கட்டி, டயர் கழற்றி, ராத்திரி கண் விழித்து, டிரைவரின் கையையும் காலையும் பார்த்துப் பார்த்தே ஒருவன் டிரைவர் ஆனான். அடியும் திட்டும் நிறைந்த படிப்பு அது. அதற்காக நான் ஏங்கவில்லை. ஆனால் மலையில் தனியாக வண்டி எடுக்கும் நாளுக்கு முன்பே அவன் அந்தச் சாலையைப் பல பருவங்களில் பார்த்திருப்பான். இன்றைய பிக்கப்பில் கிளீனர் கிடையாது. அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடித்தாயிற்று. அதோடு பள்ளிக்கூடமும் மூடிவிட்டது.

நாமக்கல்லில் அசோக் லேலண்டின் டிரைவர் பயிற்சி மையம் 1990களிலிருந்து இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக வண்டிப் பயிற்சி தருகிறது. போடிப் பையனுக்கு இரண்டுமே தூரம். போய்த் தங்கிப் படிக்கும் நாட்களில் வீட்டுக்குக் காசு வராது.

சம்பளத்துக்கு வருகிறேன். பையனுக்கு மாதச் சம்பளம் சொற்பம்; டிரிப்புக்கு டிரிப் கிடைக்கும் படிதான் வருமானம். “கை பழகுற வரைக்கும்” என்று சொல்லி, பழைய டிரைவருக்குத் தருவதில் பாதிப் படிதான் தருகிறார்கள். லோடுக்காக எஸ்டேட் ஸ்டோர் வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்துக்குக் காசு இல்லை. மூட்டை நனைந்தால் பிடித்தம் உண்டு. ஏலக்காய் கிலோ 2,000 ரூபாய்க்குப் போகும்போது 50 கிலோ மூட்டை ஒன்றே ஒரு லட்சம். அந்த லட்சத்துக்குப் பொறுப்பு பாதிப் படிக்காரன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான். அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையைப் பத்தாக்கிவிட்டது. போடியில் நான் பேசியவர்களின் ஓனர்கள் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள். அவர்களுக்கும் தவணை கழுத்தை நெரிக்கிறது. அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாடகையை முடிவு செய்வது சரக்குக்காரர்கள். பழகிய டிரைவரோடு புதியவன் மலையேறும் முதல் சில மாதங்களின் முழுப் படியையும், சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு தொகையையும் அந்த வாடகையிலேயே சேர்க்கலாம். போடி போல ஏலக்காய் ஏல மையம் இருக்கும் ஊரில், வியாபாரிகளும் எஸ்டேட்காரர்களும் கூடுகிற ஊரில், இதைப் பேசி முடிப்பது நடக்காத காரியமில்லை.

தை பிறந்ததும் முழுப் படி தருவதாகப் பையனின் ஓனர் சொல்லியிருக்கிறாராம். அதற்கு முன் ஐப்பசியும் கார்த்திகையும் இருக்கின்றன. மண் சரிந்து பாறை உருளும் அந்த இரண்டு மாத மழையிலும் அவன் பாதிப் படிக்குத்தான் இறங்கி வர வேண்டும்.