பாவித்த போட்டும் இறங்கிப் போகும் எஞ்சினும்



பதுளையில் கடல் இல்லைதான். ஆனால் பொத்துவில், அறுகம்பைப் பக்கம் சொந்தங்கள் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. பாவித்த போட் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறோம்.

மச்சானுக்காகக் குடும்பத்தில் நாலு பேர் காசு சேர்த்து, 40 குதிரைவலு எஞ்சினோடு பாவித்த ஃபைபர் போட் ஒன்று வாங்கினோம். சுவிச்சை அழுத்தினால் எஞ்சின் தானாக மேலே எழும்பும் வகை. மூன்றாம் வாரமே பிரச்சினை. தூக்கி வைத்த எஞ்சின் பத்து நிமிடத்தில் மெதுவாக இறங்கிவிடும். பார்த்த ஒருவர் முழு செட்டையும் மாற்றச் சொன்னார். அவர் சொன்ன விலை எங்கள் பல மாதச் சம்பளம்.

அங்கே போட்டை மணலில் ஏற்றித்தான் நிறுத்துவார்கள். அலையோடு கரைக்கு வரும்போது எஞ்சின் மேலே நிற்காவிட்டால் புரொப்பெல்லர் மணலில் அடிக்கும். போட் அலைக்குக் குறுக்கே திரும்பினால் உயிருக்கே ஆபத்து. சரியாகும் வரை கடலுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தோம். மச்சானின் அன்றாட வருமானம் அதோடு நின்றது.

கைகொடுத்தது எங்கள் பழைய மாணவன். பசறைப் பக்கத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். இப்போது பதுளையில் ஒரு கராஜில் டிப்பர் லொறிகளின் ஹைட்ரோலிக் வேலை செய்கிறான். "சேர், டிப்பர் பெட்டியைத் தூக்குவதும் இதைத் தூக்குவதும் ஒன்றுதான், எல்லாம் ஒயில் அமுக்கம்" என்றான். சாதாரண தர விஞ்ஞானத்தில் நாங்கள் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த அதே பாடம்.

ஒரு ஞாயிறு மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகக் கூட்டிப் போனோம். ஸ்பானரை எடுக்கும் முன் சுவிச்சை அழுத்தச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டான். அவன் சொல்லித் தந்த ஒழுங்கு இது:

1. சத்தமே இல்லையா? பெட்டரி, அதன் முனைகளில் படிந்த பச்சை, பியூஸ், வயர் இணைப்புகளைப் பாருங்கள்.

2. "டிக்" என்று மட்டும் கேட்கிறதா? பெட்டரி வலு போதாது, அல்லது ரிலே, அல்லது தூக்கும் மோட்டார்.

3. மேலே போய்க் கீழே வரவில்லையா? பெரும்பாலும் ஒரு ரிலே. இரண்டு ரிலேயும் ஒரே வகையானால் இடம் மாற்றிப் போடுங்கள். குறையும் இடம் மாறினால் ரிலேதான்.

4. மோட்டார் ஓடியும் எஞ்சின் எழும்பவில்லையா? ஒயில் குறைவு, அல்லது கையால் இறக்குவதற்கான திருகு திறந்திருக்கிறது.

5. எழும்பியும் நிற்கவில்லையா? அந்தத் திருகின் ரப்பர் வளையம், அல்லது சிலிண்டர் சீல்.

எங்களுடையது ஐந்தாவது. எஞ்சினை முழுக்கத் தூக்கி, பூட்டைப் போட்டு, ஒயில் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருந்தது. திருகைக் கழற்றினால் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. வளையத்தை மாற்றி, பழைய ஒயிலை வடித்து, எஞ்சின் கைநூலில் சொன்ன ஒயிலை ஊற்றி, காற்றுப் போகப் பல தடவை ஏற்றி இறக்கினான். சோக்கால் ஒரு கோடு போட்டு இரவு முழுக்க விட்டோம். காலையில் கோடு அதே இடத்தில் இருந்தது. செலவு ஒயிலும் வளையமும், அவன் கூலியும். கூலியைக் கேட்டு வாங்கினான். அதுதான் நியாயம்.

இரண்டு எச்சரிக்கைகள். பூட்டுப் போடாமல் எஞ்சினுக்குக் கீழே கை வைக்காதீர்கள். எஞ்சின் இறங்கியிருக்கும்போது ஒயில் மூடியைத் திறக்காதீர்கள், அமுக்கத்தில் ஒயில் பீச்சியடிக்கும்.

வாங்கப் போகிறவர்கள் எஞ்சினை முழுக்கத் தூக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். பிறகு விலை பேசுங்கள்.

தோட்டத்துப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கராஜுக்குப் போகிறான் என்றால் படிப்பு வீணானது என்று நினைக்காதீர்கள். நாங்கள் சோக்கால் எழுதிய அமுக்கத்தை அவன் கையால் அறிந்திருக்கிறான். மச்சான் இப்போது கடலுக்குப் போய் வருகிறார், அல்ஹம்துலில்லாஹ்.