கூடு அங்கே, இரை இங்கே

உத்திரமேரூர் என்றதும் குடவோலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய தேர்தல் விதிகளைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அந்தக் கல்வெட்டில் என் மனம் நிற்பது ஏரி வாரியத்தில். முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப்பிரிவுகளிலிருந்து, குடவோலையில் வந்தவர்களில் ஆறு பேருக்கு ஏரியைப் பார்த்துக்கொள்வதே பொறுப்பு. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகளில் இவ்வூர் ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர். அதில் தூர் எடுக்கவென்றே பொன் எழுதிவைத்திருக்கிறார்கள். தேர்தலைக் கொண்டாடும் நாம் இந்த ஏரியைப் பற்றிப் பேசுவது குறைவு.

பறவைகளோ ஏரிகளை மட்டுமே அறிந்தவை. உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டரில் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். வழியிலேயே கரிக்கிலி சரணாலயம். 2019இல் மாவட்டம் பிரிந்தபின் இரண்டு சரணாலயங்களும் செங்கல்பட்டுக்குப் போய்விட்டன, உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே தங்கிவிட்டது. ஆனால் ஐப்பசி மழையில் ஓர் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் இந்த வட்டாரம் முழுவதும் ஒரே நீர்நாடு.

வேடந்தாங்கல் ஏரி சிறியது. ஏறக்குறைய முப்பது ஹெக்டேர்தான். நடு ஏரியில் நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீரில் நிற்க, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, வக்கா என்று கிளைக்குக் கிளை கூடுகள். மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரை நாயும் நரியும் நெருங்க முடியாது. குஞ்சு பறக்குமுன் தண்ணீர் வற்றினால் அந்தக் காவல் போய்விடும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது இந்த வட்டாரத்து ஏரிகள் காய்ந்து கிடந்ததையும் பறவைகள் குறைந்துபோனதையும் ஊரார் மறக்கவில்லை.

பத்திரிகைகள் ஆண்டுதோறும் வேடந்தாங்கல் பறவைகளையெல்லாம் 'வெளிநாட்டுப் பறவைகள்' என்றே எழுதுகின்றன. இங்கே கூடு கட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் நம் நாட்டுப் பறவைகள். நீர் இருக்கும் இடம் தேடி ஊர் ஊராகப் போகிறவை. கடல் கடந்து, மலை கடந்து வருபவை வேறு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், உள்ளான் வகைகள் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி உறையும் மாதங்களை இங்கே கழிக்கின்றன. அவற்றைப் பார்க்கக் கரிக்கிலியே நல்லது. ஆழமில்லாத திறந்த நீர்ப்பரப்பு வாத்துகளுக்குப் பிடிக்கும். 1989இல் சரணாலயமான அந்த இரட்டை ஏரிக்கு வேடந்தாங்கலின் கூட்டமும் இல்லை, புகழும் இல்லை. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

வேடந்தாங்கலைக் காத்தது முதலில் சட்டமல்ல, ஊர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 வாக்கில் கௌல் என்னும் உறுதிச்சீட்டு வாங்கினார்கள். ஊரார் கேட்டதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் மதகு வழியாகக் கழனிக்கு உரமாகவே பாய்கிறது. நவரை நெல்லுக்கு அதைவிட என்ன வேண்டும்? லாபத்தையும் கருணையையும் பிரித்துப் பார்க்காத அந்த அறிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முப்பது ஹெக்டேர் ஏரியால் இத்தனை ஆயிரம் வாய்களுக்கு மீன் கொடுக்க முடியாது. வேடந்தாங்கல் வீடு என்றால் அதன் அடுப்படி சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் கழனிகளிலும் இருக்கிறது. விடிந்ததும் தாய்ப்பறவைகள் கிளம்பிப் பல கிலோமீட்டர் பறந்து மீனும் நத்தையும் தவளையும் தேடிக் கொண்டுவருகின்றன. நத்தைகுத்தி நாரைக்கு வயல் நத்தை இல்லாவிட்டால் வாழ்வில்லை. அந்த வயலில் நாம் தெளிக்கும் மருந்து குஞ்சின் வாய்வரை போகும். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சரணாலயம் என்று 1998இல் அறிவித்தது இதனால்தான் பொருத்தம். 2020இல் அதை மூன்று கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது எழுந்த எதிர்ப்பும் நியாயமே. என்னைக் கேட்டால் ஐந்தும் போதாது. வரத்துக்கால்வாய் ஆக்கிரமிக்கப்பட்டு, கரை பலவீனமாகி, தூர் மேடிட்ட ஒவ்வோர் ஏரியும் ஒரு நாரைக் கூட்டின் இரையைக் குறைக்கிறது. உத்திரமேரூர் ஒன்றியத்து ஏரிகளைச் சீரமைக்கும் கணக்கில் இந்தப் பறவைகளையும் சேர்க்க வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் தை, மாசியில் வாருங்கள். குஞ்சுகள் கூட்டில் இருக்கும். காலையில் கரிக்கிலியில் வாத்துகளைப் பார்த்துவிட்டு, உத்திரமேரூரில் கல்வெட்டையும் ஏரிக்கரையையும் சுற்றிவிட்டு, நான்கு மணிக்குமேல் வேடந்தாங்கல் கரையில் ஏறுங்கள். இரை தேடப் போனவை திரும்பும் நேரம் அது. எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று கவனியுங்கள்.