புன்னை முனையும் ஆவுளியாக் குடாவும்



பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பாகாங்கில் கடற்கரைச் சாலை முடியும் இடத்தில் பினாங்கு தேசியப் பூங்கா தொடங்குகிறது. ஜார்ஜ்டவுனிலிருந்து 101-ஆம் எண் பேருந்தில் ஏறினால் அங்குச் சென்று சேரலாம். நிலப்பரப்பு ஏறத்தாழ 1,200 ஹெக்டேர்தான். நாட்டின் பெரிய காடுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆயினும் மலைக்காடும், கடற்கரையும், அலையாத்தி மரங்களும், விந்தையான ஓர் ஏரியும் இச்சிறு பரப்பில் அடங்கியுள்ளன. குறிஞ்சியும் நெய்தலும் அருகருகே அமைந்த நிலம் என்று நம் இலக்கிய மரபில் சொல்லலாம்.

முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்த இப்பகுதி, 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தேசியப் பூங்காவாக அரசிதழில் இடம்பெற்றது. அதே ஆண்டில்தான் நம் பள்ளிகளில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரே அறிவியல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை, எனினும் அப்பூங்காவிற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் இந்த ஒற்றுமை என் நினைவுக்கு வருகிறது.

காட்டுவழியே நடந்தும் பூங்காவின் கடற்கரைகளை அடையலாம், படகிலும் செல்லலாம். ஒருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சிலரைப் பெற்றோர் துணையுடன் படகில் அழைத்துச் சென்றேன். படகோட்டி ஒரு மலாய் மீனவர். பிள்ளைகள் அவரை உரிமையோடு ‘பாக் சிக்’ என்று அழைத்தனர். ஒரு வளைவில் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கரையிலிருந்த மரங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லத் தொடங்கினார். பெனாகா, பாக்காவ், மெங்குவாங், கெத்தாப்பாங் எனப் பெயர்கள் தடையின்றி வந்தன. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி தலைநிமிர்ந்து, “ஐயா, இவற்றுக்கெல்லாம் தமிழில் பெயர் இல்லையா?” என்று கேட்டாள்.

பெயர் இருக்கிறது. நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது.

பெனாகா லாவுட் என்பது நம் புன்னை. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்திற்குரியதாகப் பாடிய அதே மரம். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனைக்கு, அங்கு நின்ற இம்மரங்களால் ‘தஞ்சோங் பெனாகா’ என்று பெயர். இன்றைய ஜார்ஜ்டவுன் எழுந்த இடம் அதுவே. அப்படியானால் நம் பிள்ளைகள் வாழும் நகரம் ஒரு புன்னை முனை. பாக்காவ் என்பது கண்டல். அலையாத்தி மரங்களுள் ஒன்று. மெங்குவாங் தாழை இனத்தைச் சேர்ந்தது. கெத்தாப்பாங் நாட்டு வாதுமை.

அலையாத்தி என்னும் சொல்லைக் கேட்டவுடன் மாணவர்களுக்கு ஒரு செய்தி எளிதில் விளங்கிவிடுகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவையும் தாக்கியது. மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் பிச்சாவரத்தை அடுத்த சில சிற்றூர்களில் அலையாத்திக் காடு அலையின் வேகத்தைத் தணித்தது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. நம் பினாங்கிலோ, கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் 1990-களிலேயே இம்மரக்கன்றுகளை நடத் தொடங்கிவிட்டனர். இறாலும் மீனும் நண்டும் இளம் பருவத்தில் வளர்வது இவ்வேர்களுக்கிடையே என்பதை அவர்கள் தொழிலிலேயே கற்றவர்கள்.

குரங்குக் கடற்கரை என்று சுற்றுலாப் பயணிகள் அழைக்கும் இடத்தின் மலாய்ப் பெயர் தெலுக் டுயோங். டுயோங் என்றால் கடற்பசு. பாக் நீரிணைக் கரையில் வாழும் தமிழ் மீனவர்கள் அதனை ‘ஆவுளியா’ என்பர். கடற்புல்லை மட்டுமே பெரிதும் உண்டு வாழும் சாதுவான பாலூட்டி அது. இன்று மலேசியாவில் அதனைப் பெரும்பாலும் ஜொகூர், சபா கடற்பகுதிகளிலேயே காண முடிகிறது. தமிழக அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கென ஒதுக்கியது. இந்தியாவில் அதற்கென அமைந்த முதல் காப்பகம் அதுவே. இதனைச் சொன்னபோது, “அங்கே காப்பாற்றுகிறார்கள், நம் குடாவில் பெயர் மட்டும்தானா இருக்கிறது?” என்று ஒரு மாணவன் கேட்டான். பாடநூல் எழுப்பாத கேள்வியை ஓர் ஊர்ப்பெயர் எழுப்பிவிட்டது.

பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் கடலாமைப் பாதுகாப்பு நிலையம் உள்ளது. பேராமையும் சிற்றாமையும் அங்கு முட்டையிட வருகின்றன. ஒரு பேராமை ஒருமுறைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும்; அவை பொரிக்க இரண்டு மாதங்கள் வரை ஆகும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகளும், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. உலகம் வெப்பமடைந்தால் ஆமைகளுக்கு என்ன நேரும் என்பதை இதைவிட எளிதாக ஒரு வகுப்பறையில் விளக்கிவிட முடியாது. சிற்றாமையைத் தமிழ்நாட்டில் பங்குனி ஆமை என்றும் அழைப்பர். சென்னையில் 1988 முதல் மாணவர்களே இரவில் கடற்கரையில் நடந்து அதன் முட்டைகளைக் காத்துவருகின்றனர்.

அதே கடற்கரையின் பின்புறம்தான் நான் கூறிய ஏரி. மலையிலிருந்து வரும் நன்னீர் மேலே நிற்க, கடலிலிருந்து புகும் உப்புநீர் அடியில் தங்கும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. பருவத்தைப் பொறுத்து ஏரி நிறையும். சில காலம் வற்றியும் கிடக்கும். அடர்த்தி என்னும் பாடத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும், இந்த ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் நிற்பதற்கு ஈடாகாது.

இனி, தமிழில் பெயரில்லாத உயிர்களும் இங்கு உண்டு. மரத்திற்கு மரம் சறுக்கிப் பறக்கும் கூபோங் அவற்றுள் ஒன்று. அது தமிழகக் காடுகளில் இல்லை. ஆகவே நம் முன்னோர் அதற்குப் பெயரிட வாய்ப்பில்லை. இதற்கெல்லாம் புதிய கலைச்சொல் படைத்தே தீர வேண்டும் என்பார் சிலர். என் கருத்து வேறு. இம்மண்ணின் உயிருக்கு இம்மண்ணின் மக்கள் இட்ட பெயரைத் தமிழெழுத்தில் ஏற்றுக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. நம் ‘கப்பல்’ மலாய்மொழிக்குச் சென்று ‘காப்பால்’ ஆனதல்லவா? கூபோங் தமிழுக்கு வரட்டும்.

பெயர் தெரிந்த இடத்திலோ அதைப் பயன்படுத்தத் தயங்கக்கூடாது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுடைய லோத்தோங் குரங்கு, நம் இலக்கியம் கூறும் முசுவின் உறவினம். அதன் குட்டி பொன்னிறமாகப் பிறக்கும். சாலையைக் கடக்கையில் அவை வாகனங்களில் அடிபட்டு இறந்தன. அதனைத் தடுக்க, 2019-இல் தெலுக் பாகாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினர், லங்கூர் ப்ராஜெக்ட் பினாங் குழுவினர். வீசியெறிய வேண்டிய பொருள் ஒரு குட்டியின் உயிரைக் காக்கிறது. நன்னெறிப் பாடத்திற்கு வேறு கதை தேட வேண்டியதில்லை.

நாம் எதை இழக்கும் நிலையில் இருக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளின் தமிழ் திருக்குறள் ஒப்புவிக்கவும், தேர்வில் கட்டுரை எழுதவும் மட்டுமே பயன்பட்டு, கடற்கரையில் நிற்கும்போது ‘மரம்’, ‘குரங்கு’, ‘மீன்’ என்ற மூன்று சொற்களோடு நின்றுவிட்டால், அம்மொழி அவர்களது வாழ்க்கைக்கு உதவாத மொழியாகிவிடும். பெயர் தெரியாத மரம் வெட்டப்பட்டாலும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. 2021-இல் யுனெஸ்கோ அறிவித்த பினாங்குக் கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் இப்பூங்காவும் அடங்கும். அதனைப் பாதுகாக்கும் பணியில் நாளை நம் பிள்ளைகளும் இடம்பெற வேண்டாமா?

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சில பரிந்துரைகள்:

1. செல்வதற்கு முன்னர் பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்து, பாதைகளின் நிலையையும் கடல் நிலையையும் கேட்டறியுங்கள். படகில் உயிர்காப்பு அங்கி கட்டாயம்.

2. ஒவ்வொரு மாணவரும் பத்து உயிர்களின் பெயர்களை மலாயிலும் தமிழிலும் எழுதிவரட்டும். தமிழ்ப் பெயர் கிடைக்காவிடில் அவ்விடத்தை வெறுமையாக விடட்டும். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்கட்டும்.

3. குரங்குகளுக்கு உணவளிக்க வேண்டா. கொண்டுசெல்லும் நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

4. படகோட்டியிடம் பேசுங்கள். அவர் அறிந்தவை எந்தப் பாடநூலிலும் இல்லை.

வரும் பள்ளி விடுமுறையில் பேரங்காடிக்குச் செலவிடும் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். சென்று வந்தபின், உங்கள் பிள்ளைகள் கண்டறிந்த தமிழ்ப் பெயர்களை எனக்கும் எழுதியனுப்புங்கள். வகுப்பறைச் சுவரில் ஒட்டியுள்ள எங்கள் பெயர்ப்பட்டியலில் இன்னும் பல இடங்கள் வெறுமையாகவே உள்ளன.