பத்தொன்பது வயதுக்குள்

அக்டோபர் 6, 2025, திங்கள். சித்தூர்

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பேத்தியை ஷட்டில் பயிற்சிக்கு அழைத்துச் சென்று, ஆட்டக்கூடத்துச் சுவரோரம் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய பைக்குக் காவலாக உட்கார்ந்திருப்பதே, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் எனக்கு வாய்த்திருக்கும் உத்தியோகம். இன்று அங்கே கௌஹாத்தியைப் பற்றியே பேச்சு. பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களுக்கான உலக ஜூனியர் பாட்மின்டன் போட்டி இன்று அங்கே ஆரம்பமாகிறது. 1992இல் ஜகார்த்தாவில் தொடங்கிய இந்தப் பந்தயம், 2008இல் புனாவுக்கு வந்துபோனதற்குப் பதினேழு வருஷங்கள் கழித்து, இப்போதுதான் மறுபடியும் நம் தேசத்து மண்ணை மிதிக்கிறது.

என் பாலியத்தில் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பாட்மின்டன் என்றால் அது இறகு வைத்த பந்தன்று. மஞ்சள் கம்பளி நூலை உருட்டிச் செய்த பந்தை, பக்கத்துக்கு ஐந்து பேராக நின்று, வெட்டவெளியில், காற்றையும் ஓர் ஆட்டக்காரனாகச் சேர்த்துக்கொண்டு ஆடுகிற பூப்பந்துதான் எங்களுக்குத் தெரியும். தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆட்டத்துக்கு ஒரு மைதானமும் இரண்டு கம்பங்களும் போதும். ஷட்டிலோ காற்றுக்குப் பகை. ஐந்து கிராம் எடையும் பதினாறு இறகுகளும் கொண்டு, அந்தப் பதினாறும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுக்கப்பட்டாலொழிய ஒழுங்காகச் சுழலாத அந்தச் சுகுமாரியின் பொருட்டு, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டு, சித்தூர்ப் புழுக்கத்தில் குழந்தைகள் தெப்பமாக நனைந்து ஆடுகிறார்கள். உஷ்ணப் பிரதேசத்தில் ஷட்டில் வேகமாகப் பறக்குமாதலால் 76ஆம் நம்பர் பார்த்து வாங்க வேண்டும் என்பதும், டியூபுக்குப் பன்னிரண்டாக வரும் அந்தச் செல்வம் எத்தனை சீக்கிரத்தில் பிய்ந்து குப்பைக் கூடைக்குப் போகும் என்பதும், முதுமையில் என் பென்ஷன் கற்றுக்கொண்ட பாடங்கள்.

முதல் நாளே நேபாளத்தை இந்தியா சுலபமாக ஜயித்துவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

கலப்பு அணிப் பந்தயத்தின் கால் இறுதியில் இந்தியா தென் கொரியாவைத் தோற்கடித்தது. தோற்றாலும் ஜயித்தாலும் புள்ளிகளை அடுத்தவர் தலையில் ஏற்றிவைத்துவிட்டுப் போகிற புதிய முறை ஒன்றை இதில் கையாளுகிறார்கள். முதலில் ஆடுகிறவர்கள் 9 புள்ளிவரை ஆடி விலக, அடுத்தவர்கள் அந்த எண்ணிக்கையிலிருந்தே தொடர்ந்து 18க்கும், பின்னர் வருகிறவர்கள் 27க்குமாக, அஞ்சல் ஓட்டம்போல் 45 வரை போய் ஒரு செட் முடிகிறது. இப்படி மூன்று செட்டில் இரண்டை எடுத்தவர்களுக்கு வெற்றி. கேட்ட மாத்திரத்தில் இது ஆட்டமா, சீட்டுக் கம்பெனிக் கணக்கா என்று எரிச்சலுற்றேன். ஆனால் முதல் செட்டை 44-45 என்று ஒரே ஒரு புள்ளியில் பறிகொடுத்த நம் பிள்ளைகள் 45-30, 45-33 என்று மீண்டபோது, யாரோ ஒரு சிறுவன் விட்டுச்சென்ற கடனை இன்னொரு சிறுமி அடைப்பதைக் காணும் சுகம் இந்த முறையில்தான் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அரை இறுதியில் தோற்றாலும் வெண்கலம் நிச்சயம். உலக ஜூனியர் அணிப் போட்டியில் இந்தியாவுக்கு இதுவே முதற் பதக்கம்.

அக்டோபர் 11, சனி. திருப்பதி

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமையன்று சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ் ஏறுவது விவேகமுள்ளவன் செய்கிற காரியமன்று. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அப்படி ஒரு மாதமே இல்லையாயினும், திருப்பதிக் கடைத்தெருவில் 'பெரட்டாசி' என்றால் தமிழ்நாட்டு ஜனசமுத்திரம் என்று குழந்தைக்கும் தெரியும். வேலூர், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மஞ்சள் துணியும் நெற்றியில் நாமமுமாக வந்தவர்கள் வண்டி திரும்பும்போதெல்லாம் கோவிந்தநாமம் போட, என் பேத்தி மட்டையைக் குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு எழுபது கிலோமீட்டரும் நின்றே வந்தாள்.

காரணம், இரண்டு ஜில்லாப் பெண்களுக்குள் ஒரு சிநேக ஆட்டம். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. 1911இல் உண்டான சித்தூர் ஜில்லாவில், 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போனபோது நாங்கள் ஆந்திரத்திலேயே நின்றோம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. எல்லைக்கோடு நகரும்போதெல்லாம் நின்ற இடத்திலேயே நின்று வேறு ஊர்க்காரராகிவிடுவது எங்கள் வம்சத்துக்குப் பழக்கமானதுதான் என்றாலும், முன்பு ஒரே ஜில்லாவுக்காக இரட்டையரில் ஜோடி சேர்ந்து ஆடிய பெண்ணையே இன்று வலைக்கு எதிர்ப்புறத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் செட்டை 19-21 என்று விட்டு, இரண்டாவதை 21-16 என்று எடுத்து, மூன்றாவதில் 18-15 என முன்னே நின்ற என் பேத்தி, அதற்குமேல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆறு புள்ளிகளும் வரிசையாக எதிர்ப்பக்கம் போயின. அந்த ஆறு புள்ளிகளுக்குள் நான் ஏழுமலையானை எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன் என்பதை இந்தப் புஸ்தகத்தில்கூட எழுத வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்து, காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, சமாதானம் சொல்வதற்கென்று சேகரித்து வைத்திருந்த விஷயத்தை மெதுவாக எடுத்தேன்: ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய பி.வி. சிந்து உலக ஜூனியரில் ஒரு பதக்கமும் வாங்கியதில்லை, ஆகவே இந்த வயதுத் தோல்வியெல்லாம்...

"அது இல்ல தாத்தா," என்று இடைமறித்தாள். "அவ பேக்ஹேண்ட் மூலைக்கே போட்டுக்கிட்டு இருந்தா. எனக்கு அது பதினெட்டுலதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் கால் போகல."

நான் வருங்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவள் அந்த மூலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிந்துவின் சரித்திரம் காப்பியோடு ஆறிப்போயிற்று.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. பயிற்சியில் கோச் ஒரே மூலைக்கு நூறு ஷட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் "இங்கோசாரி, இங்கோசாரி" என்றார். இன்னொரு தடவை என்பதற்குத் தெலுங்கில் இருக்கும் இனிமை தமிழில் இல்லை. முழங்கால் வலிக்கிறது, எனக்கு.

அக்டோபர் 17, வெள்ளி

தனிநபர் போட்டியில், பஞ்சாபின் ஹோஷியார்பூரைச் சேர்ந்த பதினாறு வயதுத் தன்வி சர்மா, ஜப்பானின் சாகி மட்சுமோட்டோவை 13-15, 15-9, 15-10 என்று வென்று அரை இறுதிக்குப் போய்விட்டாள். 21க்குப் பதிலாக 15 புள்ளியோடு முடிகிற இந்த ஆட்டத்தில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் ஒரு செட் போய்விடுகிறது. பெண்கள் ஒற்றையரில் 2008இல் புனாவில் சாய்னா நேவால் தங்கம் வென்றதற்குப் பிறகு இந்தியாவுக்கு இதுவே முதல் பதக்கம்.

பழைய பெயர்களைப் பேத்தியின் கைபேசியில் புரட்டிக்கொண்டிருந்தேன். 1996இல் அபர்ணா போபட் வெள்ளி. 2006இல் வெள்ளி வாங்கிய சாய்னாவே இரண்டு வருஷத்தில் தங்கமும் வாங்கினாள். 2015இல் சிரில் வர்மா. 2022இல் ஸ்பெயினில் நம் சென்னைப் பையன் சங்கர் முத்துசாமி. சாய்னா லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வரை போனாள். சிந்துவோ, குண்டூர் ஸ்ரீகாந்தோ இந்த ஜாபிதாவிலேயே இல்லை. ஜாதகம் பார்ப்பதைப்போல் இதை வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போட முயன்றேன், ஒன்றும் சேரவில்லை. கைபேசியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 19, ஞாயிறு. சித்தூர்

நாளைக்குத் தீபாவளி. வீடெங்கும் எண்ணெய் மணம். நேற்றுச் சீனத்து லியு சி யாவை வென்றிருந்த தன்வி, இன்று இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் அன்யாபத் பிச்சித்பிரீச்சாசக்கிடம் 7-15, 12-15 என்று தோற்றாள். இரண்டாவது செட்டில் முன்னால் இருந்தும் கைநழுவிவிட்டது. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த என் மனைவி உட்பட நாங்கள் பெரியவர்கள் எல்லோரும் "ஐயோ பாவம்" என்று ஏககாலத்தில் பெருமூச்செறிந்தோம். பேத்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் கடைசிப் புள்ளிகளைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து சமையலறைக்குப் போனாள்.

சற்று நேரத்தில் அங்கே கூச்சல்.

"ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா, நாளைக்கு இட்லி வேகற பானையில இறகை வேக வைக்கிறியே!"

"வேக வைக்கல பாட்டி, ஆவி மட்டுந்தான். ஆவி காட்டினா சீக்கிரம் பிய்யாது."

போய்ப் பார்த்தேன். இட்லிப் பானையின் வாயில் டியூபைத் தலைகீழாகப் பிடித்து மனத்துக்குள் பத்துவரை எண்ணி, மறுபுறமும் திருப்பிப் பிடித்து, உடனே மூடியை அழுத்தி அடைத்து, ராத்திரி முழுதும் அப்படியே இருக்க வேண்டும் என்று அலமாரியில் நிறுத்தினாள். தீபாவளியன்று கூடம் பூட்டியிருக்குமே என்றேன். செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குத் திறப்பார்களாம்; கோச்சைக் கேட்டுவிட்டாளாம்.