சாவி திருப்புவதற்கு முன்னால்

கோவை சிங்காநல்லூர் பக்கம் உள்ள அந்தப் பட்டறைக்கு நான் போனபோது, ஓர் அம்பாசிடரின் எஞ்சின் வேலை முடிந்து வண்டிக்குள் இறக்கியிருந்தார்கள். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் வகை. சிலிண்டருக்கு போர் போட்டு, கிராங்கை லேத்துக்காரரிடம் கொடுத்து அரைத்து, புது பேரிங் மாட்டியாகிவிட்டது. ஆயிலும் ஊற்றியாகிவிட்டது. வண்டிக்காரர் பொறுமையிழந்து நின்றார்.

“ஸ்டார்ட் பண்ணிப் பாத்தரலாமுங்களா?”

“இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமுங்க. ஆயில் ஏத்தோணும்” என்றார் மூத்த மெக்கானிக்.

“அதான் ஊத்திட்டீங்களே?”

“ஊத்துனது சேம்பர்ல கெடக்குதுங்க. பேரிங்குக்கு இன்னும் போகலீங்க.”

நான் பார்க்க வந்தது இந்த ஒரு மணி நேர வேலையைத்தான். கிராங்க் பேரிங்கின்மேல் உரசிக்கொண்டு சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு தவ்வோ இரண்டு தவ்வோ இடைவெளி இருக்கும். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் நிற்கும் எண்ணெய்ப் படலத்தின்மேல்தான் கிராங்க் மிதந்து ஓடுகிறது. பேரிங்கின் உள்பூச்சு வேண்டுமென்றே மென்மையான உலோகத்தால் செய்யப்பட்டது. படலம் இல்லாமல் சுழன்றால் அது முதல் அரை நிமிடத்திலேயே கீறிவிடும். ஓடிப் பழகிய எஞ்சினில், இரவு முழுக்க நிறுத்தி வைத்தாலும் கொஞ்சம் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவித் துடைத்துப் பூட்டிய எஞ்சினிலோ வழிகள் எல்லாம் காற்று.

பம்பு அந்தக் காற்றை இழுத்துத் தள்ளிவிடாதா என்று கேட்டேன். “உங்க ஊர்ல கிணத்து மோட்டார் பாத்ததில்லீங்களா? தண்ணி ஊத்தாமப் போட்டா எடுக்குமா?” என்றார். சரியான விளக்கம். ஆயில் பம்பின் சுழலிகளுக்கு நடுவே உள்ள இடுக்கை எண்ணெய்தான் அடைக்கிறது. காய்ந்த பம்பு காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்குமே தவிர, கீழிருந்து எண்ணெயை உறிஞ்சாது. அதனால் பம்பை மாட்டும்போதே உள்ளே வாசலின் அடைத்திருந்தார். சூடானதும் அது உருகி எண்ணெயோடு கலந்துவிடும். சேஸிஸ் கிரீஸை வைக்கக் கூடாது. அது கரையாமல் போய் ஃபில்டரை அடைக்கும்.

பழைய அமெரிக்க ஷெவர்லே வி-8 எஞ்சின்களில் இந்த வேலை சுலபம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக ஒரு கம்பியை இறக்கி, டிரில் மெஷினால் பம்பை மட்டும் சுழற்றலாம். அம்பாசிடரில் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தனித் தண்டு, பம்புக்குத் தனித் தண்டு. அந்த வழி கிடையாது. ஆகவே வெளியிலிருந்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும்.

அதற்கு அவர்களே செய்துவைத்திருந்த கருவி ஒன்று உண்டு. சிறிய இரும்பு உருளை; அடியில் வால்வும் ஹோஸும், மேலே காற்றடிக்கும் வாய். ஐ.டி.ஐ. முடித்து வந்து வேலை பழகும் இளைஞர் அதில் புது ஆயிலை ஊற்றி, ஆயில் பிரஷர் குழாய் மாட்டும் இடத்தில் ஹோஸை முறுக்கினார். வால்வைத் திறந்ததும் மூத்தவர் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு, கிராங்கைக் கால் சுற்று திருப்பி நிறுத்தினார். காத்திருந்தார். மறுபடி கால் சுற்று. கிராங்கின் உள்ளே துளைத்த வழிகள் ஒவ்வொரு நிலையில் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் ஏதாவது ஒரு பேரிங் பட்டினி கிடந்துவிடலாம். பேச்சு நின்றுபோனது. இருவர் கண்ணும் மூடி கழற்றிய ராக்கரின்மேல். எண்ணெய் கடைசியாக எட்டும் இடம் அதுதான். “வந்துருச்சுங்ணா” என்றார் இளைஞர். ராக்கர் ஒவ்வொன்றிலும் எண்ணெய் கசிந்து வழிந்தது. மூத்தவர் அப்போதும் நிறுத்தவில்லை. எட்டு ராக்கரையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஹோஸைக் கழற்றச் சொன்னார்.

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, பத்து பத்து வினாடியாக செல்ஃப் அடித்தார்கள். பிளக் இல்லாததால் கம்ப்ரெஷன் கிடையாது, பேரிங்குக்குப் பாரமும் குறைவு. தனியாக மாட்டிய கேஜில் முள் எழுந்தது. அதன் பிறகுதான் பிளக், வயர், சாவி. எஞ்சின் பிடித்ததும் முள் 50 பவுண்டைத் தாண்டி நின்றது. ஸ்லோவில் விடாமல் ஆக்ஸிலேட்டரை 2000 சுற்றுக்கருகே இருபது நிமிடம் பிடித்து வைத்தார்கள். புது கேம் ஷாஃப்டுக்கும் டேப்பெட்டுக்கும் தெறிக்கும் எண்ணெய்தான் உணவு. மெதுவாக ஓடினால் அது போதாது.

வேறெங்கோ வேலை செய்து, ஆயில் ஏற்றாமல் கிளப்பி, சில நாளில் தட்டத் தொடங்கிய எஞ்சினின் பேரிங் ஓடு ஒன்றை மூத்தவர் எனக்குக் காட்டினார். பூச்சு இழுபட்டு, செம்பு நிறம் தெரிந்தது. அந்த வண்டிக்காரர் கிராங்க் அரைத்த கூலியை இரண்டாவது முறையும் கொடுத்திருக்கிறார்.

பெரிய கப்பல் எஞ்சின்களில், கிளப்பும் முன் எண்ணெய் ஏற்றுவதற்கென்றே தனி பம்பு இருக்கிறது. எண்ணெய் அழுத்தம் வராமல் எஞ்சினைக் கிளப்ப மாட்டார்கள். கார் பட்டறையில் அந்த பம்பின் வேலையை மனிதர் கையால் செய்கிறார், ஆனால் பில்லில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. போருக்குக் கூலி உண்டு, பேரிங்குக்கு விலை உண்டு. இந்த ஒரு மணி நேரத்துக்கு எதுவும் இல்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். எஞ்சின் வேலைக்கு வண்டி விட்டிருப்பவர்கள், எடுக்கப் போகும் நாளில் மெக்கானிக்கை அவசரப்படுத்தாதீர்கள். ஆயில் ஏற்றினீர்களா என்று கேளுங்கள்; ஏற்றுவதற்கான கூலியையும் பில்லில் எழுதச் சொல்லிக் கொடுங்கள்.