போட்டோ ஒட்டாத விண்ணப்பம்

1957-ஆம் வருஷம் அமெரிக்காவின் பெரிய பயணிகள் விமானக் கம்பெனிகளில் ஒரு கறுப்பர்கூட விமானியாக இல்லை. அந்த வருஷம் விமானம் ஓட்டத் தெரிந்த இரண்டு கறுப்பர்கள் இரண்டு கம்பெனிகளின் கதவைத் தட்டினார்கள். ஒருவருக்கு நாற்காலி கிடைத்தது. இன்னொருவருக்கு வழக்குதான் கிடைத்தது.

நாற்காலி கிடைத்தவர் ஜேம்ஸ் பிளின்டன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டஸ்கீகியில் கறுப்பு இளைஞர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பிறகு ஈக்வடாரில் ஒரு விமானக் கம்பெனியை உருவாக்குவதில் பங்கெடுத்தார். ஹெய்ட்டிக்குப் போய்ச் சொந்தமாகவே ஒன்று நடத்தினார். அங்கேயே சலவைத் தொழிலும் செய்தார். சலவை என்றதும் நமக்கு ஒரு சாதிப்பேர் ஞாபகம் வருது பாருங்க, அது நம்ம ஊர் வியாதி. அவருக்கு அது வியாபாரம். 1957-ல் டி.டபிள்யூ.ஏ. அவரைச் சேர்த்துக்கொண்டது, பணியாளர் நிர்வாகப் பிரிவில். 1971-ல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸில் துணைத் தலைவர் ஆனார். பெரிய விமானக் கம்பெனியில் இவ்வளவு உயரத்துக்கு வந்த முதல் கறுப்பர்களில் ஒருவர். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆபீஸில் ஒரு கறுப்பரை உட்கார வைக்க முடிந்தவர்களுக்குக் காக்பிட்டில் உட்கார வைக்க ஏன் மனசு வரவில்லை? கேப்டன் என்றால் வெள்ளைத் துணைவிமானிக்கு உத்தரவு போடணும். எத்தனையோ வெள்ளை உயிர் அவர் கையில் இருக்கும். அங்கேதான் இடித்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாமவர் மார்லன் கிரீன். ஆர்கன்ஸாஸ் மாநிலம் எல் டொராடோவில் 1929-ல் பிறந்தவர். விமானப்படையில் கேப்டன். பல எஞ்சின் விமானங்களில் 3000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். படையை விட்டு வந்து கம்பெனி கம்பெனியாக எழுதிப் போட்டார். கான்டினென்டல் விண்ணப்பத்தில் இனம் எது என்று ஒரு கட்டம் இருந்தது, போட்டோவும் கேட்டிருந்தார்கள். கிரீன் கட்டத்தை நிரப்பவில்லை, போட்டோவும் ஒட்டவில்லை. டென்வருக்குக் கூப்பிட்டார்கள். ஓட்டிக் காட்டினார். குறை எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆளை நேரில் பார்த்துவிட்டார்களே! அவரைவிடக் குறைந்த நேரம் பறந்த வெள்ளையர்களுக்கு வேலை கிடைத்தது.

அந்தக் காலிக் கட்டம் எனக்கு நன்றாகவே தெரிந்த கட்டம். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரி நேர்காணலுக்குப் போனேன். தொல்காப்பியத்தில் ரெண்டு கேள்வி, சொன்னேன். மூணாவது கேள்வி, "சொந்த ஊர் எது?" ஊர்ப்பேரைச் சொன்னேன். "ஊர்லயா, காலனியிலயா?" காலனின்னேன். "சரி, லெட்டர் போடறோம்"னாங்க. அந்த லெட்டர் இன்னும் வந்துகிட்டே இருக்கு.

கிரீன் லெட்டருக்குக் காத்திருக்கவில்லை. வேலையில் நிறபேதம் கூடாதென்று கொலராடோ மாநிலம் 1957-ல்தான் சட்டம் போட்டிருந்தது. அதற்கான ஆணையத்தில் புகார் கொடுத்தார். நிறம் ஒன்றுதான் காரணம் என்று கண்ட ஆணையம், அடுத்த பயிற்சி வகுப்பில் அவருக்கே முதல் வாய்ப்பு தரச்சொல்லி உத்தரவிட்டது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அங்கே எடுத்த வாதத்தில் நிறம் என்ற பேச்சையே காணோம்! எங்கள் விமானம் பல மாநிலம் பறக்கிறது, மாநிலத்துக்கொரு சட்டம் என்றால் வணிகத்துக்குச் சுமை என்றது. கொலராடோ உச்ச நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட தீர்ப்புகளில் ஒன்று, பஸ்ஸில் வெள்ளையருக்காக இடத்தைக் காலிசெய்ய மறுத்த ஐரீன் மார்கன் என்ற கறுப்புப் பெண் போராடி 1946-ல் வாங்கினது. அவள் வென்ற தீர்ப்பை எடுத்தே இவரை அடித்தார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963 ஏப்ரல் 22-ல் ஒருமனதாக கிரீன் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக், ஒரு காலத்தில் கு கிளக்ஸ் கிளானில் உறுப்பினராக இருந்த வெள்ளைக்காரர்! சட்டம் எந்தக் கையால் வரும் என்று யார் கண்டது?

நம்ம நாட்டு முதலாளிகளுக்கும் இந்தப் பாஷை அத்துப்படி. தனியார் துறையில் இடஒதுக்கீடு என்று வாயெடுத்தால் சாதியைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். தகுதி, போட்டி, முதலீடு என்பார்கள். ஏர் இந்தியா அரசுக் கம்பெனியாக இருந்தவரை ஆளெடுப்பில் இடஒதுக்கீடு கட்டாயம். 2022 ஜனவரியில் அது டாடாவுக்குப் போனது. கட்டாயமும் போனது. விமானி உரிமம் வாங்கப் பல லட்சம் ஆகும். சேரியில் பிறந்தவன் கடன்பட்டு அந்த உரிமத்தை வாங்கினாலும் இப்போது அவனை எடுத்தே தீரணும் என்று எந்தத் தனியார் விமானக் கம்பெனியையும் கேட்கச் சட்டமில்லை.

தீர்ப்புக்குப் பிறகும் கிரீன் 1965 வரை காத்திருந்தார். அதற்குள் 1964 டிசம்பரில் டேவிட் ஹாரிஸ் என்ற இன்னொரு கறுப்பு விமானியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எடுத்துக்கொண்டது. வழக்கு நடத்தினவன் ஒருத்தன், முதல்ல ஏறினவன் இன்னொருத்தன். போராட்டத்தில் இது சகஜம்தான். கிரீன் 1966-ல் கேப்டன் ஆனார், 1978-ல் ஓய்வுபெற்றார், 2009-ல் இறந்தார். 2010-ல் கான்டினென்டல் தன் போயிங் 737 ஒன்றுக்கு அவர் பேரை எழுதியது. அவர் வேலைக்கு நுழைய எட்டு வருஷம் பிடித்தது, பேர் எழுத ஒரு டப்பா பெயின்ட் போதுமாயிருந்தது. அதே வருஷம் கம்பெனி யுனைடெட்டோடு சேர்ந்தது. கொஞ்ச நாளில் கான்டினென்டல் என்ற பேரும் விமானங்களிலிருந்து போய்விட்டது. வழக்கின் தலைப்பில் மட்டும் இன்னும் இருக்கிறது, தோற்ற கட்சியாக.