கீல்டர் வனத்தில் ஒரு லுஹர்

வட இங்கிலாந்தின் கீல்டர் வனத்தில், ஏரியைச் சுற்றிச் செல்லும் சரளைப் பாதையின் நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர். 1926 முதல் மரத்தேவைக்காக நட்டு வளர்க்கப்பட்ட ஊசியிலைக் காடு அது. நாங்கள் ஐவர் மிதிவண்டிகளில் புறப்பட்டோம். அகன்ற டயர்களில் காற்றைச் சற்றே குறைத்தால் சரளையில் பிடிமானம் கூடும் என்பதை அறிந்திருந்தோம். எங்களுள் மூத்தவரான காக்காவின் முழங்கால் வலியை அறியாமற்போனோம்.

ஏற்றமும் இறக்கமும் ஓயாது மாறி மாறி வந்தன. இளையோர் நால்வரும் வேகத்தின் இன்பத்தில் முந்திவிட்டோம். லுஹருக்காக நின்று, தென்கிழக்கே கிப்லாவைக் கணித்தபோதுதான், முன்னின்று தொழுவிக்க வேண்டியவரே இல்லை என்பது உறைத்தது. கைப்பேசிக்கும் தொடர்பில்லை.

திரும்பிச் சென்றோம். இரு மேடுகளுக்கு அப்பால் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். "வக்து இருக்குதே தம்பி, ஏன் திரும்பி வந்தீங்க?" என்றார். பயணங்களில் நபி (ஸல்) அவர்கள் பின்தங்கி வந்து, நலிந்தோரைத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொள்வார்கள் என ஜாபிர் (ரலி) அறிவித்ததை எங்களுக்குக் கற்பித்தவரே அவர்தான். அன்று அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

குடிநீர்ப் போத்தல்களிலிருந்து ஒளுச் செய்து, மரநிழலில் அவர் பின்னே அணிவகுத்தோம். மீதிப் பாதை முழுதும் அவரையே முன்னே செல்லவிட்டோம். அஸரும் வழியிலேயே ஆயிற்று.